நன்றி நவிலலும் மதிய போசனமும்

உமது முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. நூற்றைம்பது பிரதிகள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் என் மேசையில் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் மை இன்னும் மணக்கிறது. தமிழ் வாசகத்தை எழுதும் பொறுப்பை உமது மூத்த மகள் என்னிடம் தந்திருந்தாள். பிழை பார்த்ததும் நான்தான். மூன்று முறை பார்த்தேன், பிழை இல்லை. மேலே உமது படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "நன்றி நவிலலும் மதிய போசனமும்". இந்த வாசகத்தை உமது பெயருக்கு மேலே நான் அச்சிடுவது இது முதல் தடவை அல்ல. முதல் தடவை அச்சிட்டபோது உமது வீட்டில் ஒருவரும் சாகவில்லை.

உமது பெயரை இதில் எழுதவில்லை. வருடத்தையும் எழுதவில்லை, தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்றால் போதும். உமது குடிவரவுக் கோப்பு மூடி நெடுங்காலம் ஆகிவிட்டது. நீரும் இனி ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. அப்போது நாங்கள் ஒருவருடைய முழுப்பெயரைத் தொலைபேசியில் சொன்னதில்லை.

ஓக்லாந்தின் தெற்கே, விரி என்ற இடத்தில் இருந்த குளிர்களஞ்சியத்தில் நாம் சந்தித்தோம். உறைந்த பட்டாணியும் ஆட்டிறைச்சியும் பெட்டி பெட்டியாக வரும், அடுக்குவோம், இறக்குவோம். உள்ளே வாயைத் திறந்தால் புகைதான் வரும். கதையெல்லாம் தேநீர் நேரத்தில், வெளியே, வெயில் விழும் சுவரோடு. அந்தக் கதைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. புதிதாக வந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்கலாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கலாம். எப்படி வந்தீர் என்று கேட்கக்கூடாது. கேட்டாலும் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. கொழும்பு, சிங்கப்பூர், ஓக்லாந்து. நீரும் அதையே சொன்னீர்.

நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடமும் கொழும்பில் நாலு வருடமும் செய்தியாளனாக இருந்தவன். இங்கே பெட்டி தூக்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, பலசரக்குக் கடைகளில் வைத்துக்கொண்டிருந்தேன். தொழில் போனாலும் கண் போகவில்லை. நீர் வேலைத் துண்டில் தேதி எழுதும்போது மாதத்தை முதலில் எழுதினீர், நாளை இரண்டாவதாக. மேற்பார்வையாளர் இரண்டு தடவை திருத்தினார். கொழும்பிலிருந்து நேரே வந்த ஒருவருடைய கைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. குறித்து வைத்தேன்.

அந்த நவம்பர் தொடக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றீர்.

"பேப்பர், நான் ஒரு லஞ்ச் வைக்கப்போறன். தாங்ஸ்கிவிங் லஞ்ச். தமிழிலை ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தாரும்."

என்னை நீர் ஒருபோதும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பேப்பர் என்றுதான் அழைப்பீர். எதற்கு இந்த விருந்து என்று கேட்டேன். சும்மா, எல்லாரையும் ஒருக்கால் சந்திக்கத்தான் என்றீர். சும்மா என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அன்று மேலே கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அது அமெரிக்கர்களின் பண்டிகை என்று எனக்குத் தெரியும். கொழும்பில் வெளிநாட்டுச் செய்தி பார்த்த காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை வான்கோழிப் படத்தோடு ஒரு பத்திச் செய்தி வரும். நன்றி சொல்லும் நாள் என்று எழுதியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் பிழை பார்த்த பக்கங்களில் மரண அறிவித்தல் பக்கமும் ஒன்று. காது "தாங்ஸ்கிவிங்" என்று கேட்டதை விரல் "நன்றி நவிலல்" என்று அடித்தது. "லஞ்ச்" என்பதற்கு "மதிய போசனம்" தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மறுநாள் உமக்குக் காட்டினேன். நீர் அந்தத் தாளை அதற்குத் தேவையான நேரத்தைவிடக் கூடுதலாகப் பார்த்துக்கொண்டு நின்றீர். பிறகு, சரி, இப்படியே இருக்கட்டும் என்றீர். பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

நவிலல் என்ற சொல்லை எங்கள் வீடுகளில் கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ ஒருவரும் எடுப்பதில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் ஒரு அட்டை அடிப்பார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், தொலைபேசியில் துக்கம் கேட்டவர்களுக்கும் நன்றி, அன்று மதியம் மரக்கறிச் சாப்பாட்டுக்கு வரவும் என்று. அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இருந்த வேலை அது ஒன்றுதான். அச்சிட்டு மூன்று நாள் கழித்து, குணம் அண்ணை தொலைபேசி எடுத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

குணம் அண்ணை எங்களோடு விரியில் வேலை செய்தவர், எங்கள் இருவரையும் விட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய அகதி மனு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு பெப்ரவரியில் விசாரணைக்கு வர இருந்தது. அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

"ஆர் ஐசே செத்தது?" என்றார்.

ஒருவரும் இல்லை, என்னுடைய மொழிபெயர்ப்பு அப்படி விழுந்துவிட்டது, அது ஒரு அமெரிக்கப் பெருநாள் என்றேன்.

"அப்ப ஆள் என்னத்துக்கு நவிலுறார்?"

அவரே தொடர்ந்தார். மனுசி பிள்ளையள் வவுனியாவிலை கிடக்கினம், அதுகளுக்கு ஏதும் நடந்து ஆள் மறைக்கிறாரோ என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பின்னால் அவருடைய மனைவி பவளம் அக்கா குரல் கேட்டது. முந்திய மாதம் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு வீட்டில் கொத்துரொட்டிக்குக் கூப்பிட்டு, தட்டு எடுக்க முதலே வெள்ளைப் பலகையை எடுத்து வட்டம் வட்டமாகக் கீறி, சவர்க்காரம் விற்கிற சங்கிலியில் அவர்களைச் சேர்க்கப் பார்த்தார்களாம். இதுவும் சவர்க்காரம்தான் என்பது அவருடைய தீர்ப்பு. குணம் அண்ணைக்கு முதலில் தோன்றியது தேவாலயம். நன்றி சொல்லு என்று தொடங்கி ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வான் வண்டி அனுப்புவார்கள். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதை அவர் தொலைபேசியில் சொல்லவில்லை, மறுநாள் விரியில் சுவரோடு நின்று சொன்னார்.

"ஆள் அமெரிக்கச் சாப்பாடு போட்டு எங்களைக் கதைக்க வைக்கப் பாக்கிறார். ஆருக்குப் போய்ச் சொல்லப்போறாரோ தெரியாது. நீர் பேப்பர்காரன். வெள்ளனப் போய் ஆளின்ரை அடியை அறியும்."

நான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். அவர் கேட்டதற்காக மட்டும் அல்ல. எனக்கும் அறிய வேண்டியிருந்தது.

அந்தப் பெருநாள் வியாழக்கிழமை வரும், அமெரிக்காவில் வியாழன் என்றால் இங்கே வெள்ளி விடிந்துவிடும். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள் என்று நீர் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தீர். நான் பத்து மணிக்கே லின்ஃபீல்டில் உமது கீழ்வீட்டுக் கண்ணாடிக் கதவைத் தட்டினேன். நீர் முழங்கை வரை வெண்ணெயோடு நின்றீர். வான்கோழி கழுவுதொட்டிக்குள் கிடந்தது. ஹென்டர்சனில் ஒரு இறைச்சிக்கடைக்காரர், கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கே என்று சிரித்துச் சிரித்து எடுப்பித்துத் தந்தாராம்.

கதவோரத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண் ரொட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டிக் காயவைத்திருந்தீர். அதற்குள் வெங்காயம், செலரி, பிறகு ஒரு காய்ந்த இலை, நசுக்கினால் கற்பூரவள்ளியும் பழைய புத்தகமும் சேர்ந்த மாதிரி மணம். வத்தாளங்கிழங்குக்குப் பதில் இங்கத்தைய சர்க்கரைவள்ளியான கூமரா, அதற்கு மேல் மண்ணிறச் சீனி. சாம்பல் தோல் பூசணியை அவித்து மசித்து, கறுவாத்தூள் போட்டு, மாத்தட்டுக்குள் ஊற்றி வைத்திருந்தீர். போத்தலில் வாங்கிய ஒரு சிவப்புப் பழப் பாகு. ஓரமாகச் சோறும் பருப்பும் மோர்மிளகாய்ப் பொரியலும் இருந்தன. இவ்வளவையும் நீர் ஒரு புத்தகத்தையும் பார்க்காமல் செய்தீர்.

பறவையைத் தட்டில் வைத்து, வலப்பக்கம் முழுவதும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் உப்பும் தேய்த்தீர். இடப்பக்கத்துக்கு வெண்ணெயும் அந்த இலையும் மட்டும். நடுவில் நெஞ்செலும்பு எல்லை போலக் கிடந்தது.

"சிவப்புப் பக்கம் எங்களுக்கு. மற்றப் பக்கம் ஆருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கமாவது அது இருக்கிற மாதிரி இருக்கவேணும்," என்றீர்.

பிறகு வெதுப்பி அடுப்பின் குமிழைத் திருகினீர். திருகிக்கொண்டே வாய்க்குள் முன்னூற்றைம்பது என்றீர். அந்த வெதுப்பியில் இருநூற்றைம்பதோடு எண்கள் முடிந்துவிடும். நீர் ஒரு கணம் அதையே பார்த்து நின்று, உதட்டால் ஏதோ கணக்குப் பார்த்து, நூற்றெண்பதில் விட்டீர். நான் சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையிருக்கவில்லை. முன்னூற்றைம்பது என்று பாரன்ஹீட்டில் எண் போட்ட வெதுப்பி எந்த நாட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உம்மையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். பவளம் அக்கா வெள்ளைச் சேலை. குணம் அண்ணை வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய வீபூதி. அமெரிக்கப் பெருநாள் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஒருவரும் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, அப்படியான வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கமில்லை. பக்கத்து வீட்டுச் சேகர் மட்டும் ஐஸ்கிரீம் டப்பாவும் சிரிப்புமாக வந்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், நகரத்தில் கணினி வேலை, நிரந்தர விசாவோடு வந்து இறங்கியவர். எங்கள் அட்டையின் மொழி அவருக்குப் புரியவில்லை. நவிலல் என்றால் ஏதோ இலக்கியக் கூட்டம் என்று நினைத்தாராம்.

பவளம் அக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "படம் எங்கை?" என்று கேட்டார்.

"என்ன படம், அக்கா?" என்றீர் நீர்.

மாலை போட்ட படத்தையும் குத்துவிளக்கையும் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. நான் வாய் திறக்க முதல் நீர் உள்ளே போய் வான்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை நடுவில் வைத்துவிட்டீர். பாதி சிவப்பு, பாதி பொன்னிறம், கால் இரண்டும் மேலே.

"சிவ சிவா. செத்தவீட்டிலை மச்சமோ," என்றார் பவளம் அக்கா.

நான் எழுந்து நின்று விளக்கினேன். சாவு இல்லை, அட்டையில் பிழை என்னுடையது, இவருடைய குடும்பம் சுகமாக இருக்கிறது என்று சொன்னேன். சேகர் சத்தமாகச் சிரித்தார். மற்றவர்களும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இறங்கியதும் பவளம் அக்கா கேட்டதை நான் இன்றைக்கும் ஒரு நல்ல செய்தியாளரின் கேள்வி என்றே மதிக்கிறேன்.

"ஒருத்தரும் சாகேல்லை எண்டா, பிறகு என்னத்துக்கு எங்களுக்குச் சாப்பாடு?"

அப்போது நீர் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னீர். இது ஒரு வழக்கம், சாப்பிட முதல் ஒவ்வொருவரும் தான் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறார் என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும், பெரிதாக ஒன்றும் இல்லை, இங்கே வந்து சேர யார் யார் உதவினார்களோ அவர்களை நினைத்தாலே போதும் என்றீர்.

அந்த மேசையில் ஏழு பேருக்கு மனு நிலுவையில் இருந்தது. இங்கே வந்து சேர உதவியவர் யார் என்ற கேள்வியை அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓர் அலுவலக மேசைக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, ஒலிப்பதிவு நாடா ஓட ஓட எதிர்கொண்டவர்கள். கரண்டிகள் அசையவில்லை. குணம் அண்ணை இரண்டு கையையும் மேசைக்குக் கீழே எடுத்துவிட்டார்.

சேகர்தான் நிலைமையைக் காப்பாற்றப் பார்த்தார். "நான் முதல்ல சொல்றேன் சார். எங்க மாமியாருக்கு விசிட் விசா குடுக்க மாட்டேன்னு சொன்னாரே, அந்த விசா ஆபீசருக்கு என் நன்றி." வேறு எந்த வீட்டிலும் அதற்குச் சிரிப்பு வந்திருக்கும். அங்கே விசா அதிகாரி என்ற சொல்லோடு கூடம் இன்னும் இறுகியது. பவளம் அக்கா தனக்கு நன்றி சொல்ல ஒருவரும் இல்லை, ஏசுவதற்கென்றால் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அதைச் சொல்லலாமோ என்று கேட்டார்.

அடுத்தது என் முறை. நான் நன்றி சொல்லவில்லை. கேள்வி கேட்டேன். குரலை உயர்த்தாமல், ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, பத்திரிகையாளர் கூட்டத்தில் கேட்பது போல.

"நீர் தேதி எழுதேக்கை மாதத்தை முன்னுக்கு எழுதுறனீர். இண்டைக்கு வெதுப்பியை முன்னூற்றைம்பதிலை வைக்கப் பாத்தனீர். இந்தச் சாப்பாடு முழுக்கப் புத்தகம் பாராமல் செய்தனீர். அமெரிக்காவிலை எத்தினை வருசம் இருந்தனீர்?"

நீர் கத்தியைக் கையில் வைத்திருந்தீர். பொன்னிறப் பக்கத்தில் முதல் துண்டை வெட்டி முடித்தீர். பிறகு அந்தத் துண்டை என் தட்டில் வைத்தீர்.

"முதல் சாப்பிடுங்கோ," என்றீர்.

சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் உம்மைப் பார்த்தோம். பவளம் அக்கா சிவப்புப் பக்கத்தில் உறைப்புக் காணாது என்றார். பூசணி இனிப்பை ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஒன்றரைக்கு வீடு காலி.

திங்கட்கிழமை விரியில் உமது பக்கத்தில் சுவரோடு நிற்க ஆள் இல்லை. அமெரிக்காக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. சிலர் இன்னும் ஒரு படி போய், அமெரிக்காக்காரருக்குக் கதை கொடுக்கிறவன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் தகவல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை வேலை முடிந்து என்னைக் காரில் ஏற்றினீர். லின்ஃபீல்டில் தெரு முடிந்து மானுக்காவ் கடல் தெரியும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை உயர்த்திவிட்டுப் பேசினீர். நாலு வருடம் என்றீர். விமான நிலையத்திலேயே பிடித்து அடைத்து வைத்தார்கள். அறிமுகமே இல்லாத ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர், பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்து வெளியே எடுத்துத் தங்கள் வீட்டு மேலறையைத் தந்தார்கள். நாலு நவம்பரும் அவர்களுடைய மேசையில்தான். அந்த அம்மா சமைக்கும்போது நீர் வெங்காயம் வெட்டிக் கொடுப்பீர். நாலாம் வருடம் மனு தள்ளுபடியானது. திருப்பி அனுப்புவதற்கான நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதற்கு முன் நீர் கிளம்பிவிட்டீர். எப்படி என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

"அவைக்கும் சொல்லாமல் வந்தனான். சொன்னா, பிறகு ஒஃபிசர் வந்து கேக்கேக்கை அவை பொய் சொல்லவேண்டி வரும். பொய் சொல்லத் தெரியாத சனம்."

செப்டம்பரில் தொலைபேசி அட்டை வாங்கி முதல் தடவையாக அழைத்தீராம். கணவர் எடுத்தார். அந்த அம்மா காலமாகி மூன்று கிழமை என்றார். உமது நோட்டீஸில் என் விரல் தவறி அடித்த தலைப்பைப் பார்த்துக்கொண்டு நீர் ஏன் அவ்வளவு நேரம் நின்றீர் என்று அந்தக் காருக்குள்தான் எனக்கு விளங்கியது. 

பிறகு நீர் முக்கியமானதைச் சொன்னீர். இங்கே கொடுத்த மனுவில், இதற்கு முன் வேறு நாட்டில் புகலிடம் கேட்டதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதியிருந்தீர். உண்மை எழுதினால் அங்கே தள்ளியதை இங்கேயும் தள்ளுவார்கள் என்று ஆரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மனு சரிவந்தால்தான் வவுனியாவில் இருந்த மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் எடுக்க முடியும். சின்னவளுக்கு நீர் வெளிக்கிடும்போது இரண்டு வயது. இப்போது ஏழு.

"நீர் கேட்டது சரி, பேப்பர். ஆர் ஆர் இருக்கினம் எண்டு பாத்துக் கேட்டிருக்கலாம்."

வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் நானே சொல்லப்போகிறேன், வேறு ஆரும் எழுத முதல், என்றீர். அடுத்த திங்கள் போய்ச் சொன்னீர். ஆனால் உமக்கு முன்னால் ஒரு கடிதம் போயிருந்தது.

கையெழுத்து இல்லை, விலாசம் இல்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். குடிவரவு அலுவலகம் அதன் பிரதியை வக்கீலுக்கு அனுப்ப, வக்கீல் உமக்குத் தந்தார். நீர் அதை விரியின் வாகனத் தரிப்பிடத்தில் என்னிடம் நீட்டினீர். வாசித்தேன். தேதியில் மாதத்தை முதலில் எழுதுகிறார். வெதுப்பியை முன்னூற்றைம்பதில் வைக்க முயன்றார். அமெரிக்கப் பண்டிகைச் சாப்பாட்டைப் புத்தகம் பார்க்காமல் சமைக்கிறார். ஆகவே இவர் அங்கே வசித்திருக்கிறார், விசாரிக்கவும். நான் மேசையில் வைத்த அதே மூன்று செய்திகள், அதே ஒழுங்கில், தேவையற்ற சொல் ஒன்றும் இல்லாமல். எழுத்துப்பிழைகூட இல்லை.

நான் அதை வாசித்த நேரம் முழுவதும் நீர் கடிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர். வாசித்து முடித்ததும் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றீர்.

நான் குணம் அண்ணையைச் சந்தேகித்தேன். அவருக்குக் காரணம் இருந்தது. உம்மை ஒற்றன் என்று உண்மையாகவே நம்பினார், தன் விசாரணைக்கு முன்னால் உம்மை அகற்றிவிட்டால் நிம்மதி என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவரால் அப்படி ஆங்கிலம் எழுத முடியாது. குணம் அண்ணை என்னைச் சந்தேகித்தார். அதை மறைக்கவும் இல்லை. "இவ்வளவு சுத்தமாய் எழுத இஞ்சை ஆரிட்டை மெசின் கிடக்கு?" என்று தேநீர் நேரத்தில் சுவரைப் பார்த்துச் சொன்னார். சேகரையும் யோசித்தேன், அவருக்கு ஆங்கிலம் உண்டு, காரணம் இல்லை. அந்த மேசையில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்று வரை எனக்குத் தெரியாது. விடை கிடைக்காமல் நான் விட்ட விசாரணை அது ஒன்றுதான்.

நீராக முன்வந்து சொன்னது என்று உமது வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. பிடிபட்ட பின் ஒப்புக்கொண்டவர் என்று ஆனீர். விசாரணை, மறு விசாரணை, அமெரிக்காவிலிருந்து கோப்பு வரும் வரை காத்திருத்தல். தபால்காரர் உமக்காக ஒரு கடிதம் எழுதினார், அதில் நீர் வெங்காயம் வெட்டியதைக்கூட எழுதியிருந்தாராம். குணம் அண்ணையின் மேன்முறையீடு அந்தப் பெப்ரவரியிலேயே வென்றது. உம்முடையது வென்று முடிய இரண்டு வருடமும் ஏழு மாதமும் எடுத்தது. உமது குடும்பம் வந்திறங்கிய நாள் விமான நிலையத்துக்கு நானும் வந்தேன். மனைவி அழுதார். பெரியவள் உமது கையைப் பிடித்தாள். சின்னவள், பத்து வயது நெருங்கிய பிள்ளை, உம்மைப் பார்த்துக் கைகூப்பி, வணக்கம் அங்கிள் என்றாள். நீரும் கைகூப்பினீர். அந்த இரண்டு வருடம் ஏழு மாதத்தில் எத்தனை நாள் என் கேள்விக்குச் சேரும் என்று நான் அப்போது யோசிக்கத் தொடங்கினேன்.

விருந்தை நீர் நிறுத்தவில்லை. அடுத்த நவம்பர் சேகரும் நானும் மட்டும் வந்தோம். அதற்கடுத்த வருடம் ஆறு பேர். பிள்ளைகள் வந்த பிறகு வீடு நிறைந்தது, குணம் அண்ணையும் பவளம் அக்காவும்கூட வந்தார்கள், பவளம் அக்கா தூளின் அளவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லும் சுற்றை மட்டும் நீர் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. வெட்டும் முதல் துண்டு, பொன்னிறப் பக்கத்தில், ஒவ்வொரு வருடமும் என் தட்டுக்கு வந்தது. அந்தக் கடிதத்தைப் பற்றி நீர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். காரில், மேசையில், கடைசியாக ஆஸ்பத்திரியில். கேட்பீர் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். கேட்காத கேள்விக்கு நானாகப் பதில் சொன்னால், சொல்கிற குரலே குற்றவாளியின் குரலாகிவிடும். எத்தனையோ பேரிடம் அந்தக் குரலைக் கேட்டு எழுதியவன் நான்.

போன கிழமை உமது சின்ன மகள் வாசகத்தை வாங்க வந்தவள் ஆங்கிலத்தில் கேட்டாள், அப்பா ஏன் எப்போதும் உங்களுக்குத்தான் முதலில் பரிமாறினார் என்று. வந்தவர்களில் நான் மூத்தவன் என்றேன். இல்லை, குணம் அங்கிள்தான் மூத்தவர் என்றாள். என்னை அவள் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. வாகனத் தரிப்பிடத்தில் ஒருமுறை பார்த்தது.

அவளுக்கு நான் சொல்லாத விளக்கங்கள் இரண்டு. ஒன்று, நீர் என்னை மன்னித்துவிட்டீர், அதை ஒவ்வொரு வருடமும் எல்லோருக்கும் முன்னால் காட்டினீர். மற்றது, நான்தான் எழுதினேன் என்று நீர் முதல் நாளிலிருந்தே நம்பினீர், நம்பிக்கொண்டே முதல் துண்டைத் தந்தீர், நான் அதை எப்படி விழுங்குகிறேன் என்று பார்த்தீர். எது சரி என்று அறிய இனி வழி இல்லை. நல்ல நாளில் முதலாவதை வைத்துக்கொள்கிறேன். மற்ற நாட்கள்தான் கூடுதல்.

நீர் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. அதை எழுதியவர் அறிந்ததெல்லாம் நான் சொல்லித்தான்.